பன்னிரண்டரை டிகிரியில் ஒரு மாசி அமாவாசை

முதல் நாள், வெள்ளி

தொலைநோக்கி வாங்குகிறவர் கைக்கு வரும் கையேடுகள் பெரும்பாலும் 40 டிகிரி வட அட்சரேகையில் உட்கார்ந்து எழுதியவை. அவற்றில் துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். தென்வானத்து நட்சத்திரக் கொத்தான ஒமேகா சென்டாரி அடிக்குறிப்போடு போய்விடும். ஜவ்வாது மலை இருப்பதோ 12.5 டிகிரியில். இங்கே துருவ நட்சத்திரம் கைமுஷ்டி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, புளியமரக் கிளைக்குள் சிக்கிக் கிடக்கும். தெற்கே அவர்கள் பார்த்தேயிராத வானம் திறந்து கிடக்கும். அமாவாசை இருட்டில் தொலைநோக்கியோடு வானம் பார்க்க இந்த மலைக்கு வருபவர்களுக்கான இந்த மூன்று நாள் குறிப்புகளில் பாதி, அந்தக் கையேடுகளை இந்த ஊருக்கு ஏற்பத் திருத்திக்கொள்வதைப் பற்றியதுதான்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு பெங்களூரு நெடுஞ்சாலையில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. அங்கே இடப்பக்கம் இறங்கி ஆலங்காயம், பிறகு மலையேற்றம், காவலூர், ஜமுனாமரத்தூர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து என்றால் போளூர் வழி. பெட்ரோல், பணம், பேட்டரி எல்லாவற்றையும் கீழேயே முடித்துக்கொண்டு ஏறுவது நல்லது. இருட்டிய பிறகு வந்து இடம் தேடுவது வேண்டவே வேண்டாம். ஹெட்லைட்டோடு கொல்லைக்குள் திரும்பும் ஒரு கார், அங்கே ஏற்கெனவே இருட்டுக்குப் பழகிய அத்தனை கண்களையும் அரைமணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடும்.

டாப்சோனியன் (தரையில் வைத்துக் கையால் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி) குழாயைப் பின் இருக்கையில் மெத்தை விரித்துப் படுக்க வைத்து, சீட் பெல்ட் போட்டு, இரண்டு முனையையும் மூடிக் கொண்டுவருவதே வழக்கம். டிக்கியில் வைத்தால் இரண்டு கேடு. வளைவுகளில் உருளும், வெயிலில் கண்ணாடி நன்றாகச் சூடேறி, ஆறுவதற்கு இரவில் கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்கும்.

இடம் எடுப்பதில் மூன்று கணக்கு உண்டு. முதலாவது அனுமதி. காட்டுக்குள் கூடாது, பட்டா நிலத்தில், உரிமையாளரிடம் முன்பே பேசி, அறுவடை முடிந்த சாமைக் கொல்லை கிடைத்தால் அதைவிட நல்ல இடமில்லை. இரண்டாவது தரை. சிமென்ட் தளம் வசதியாகத் தோன்றும், ஆனால் பகலில் குடித்த வெப்பத்தை நள்ளிரவு வரை கக்கும்; அதற்கு மேலே பார்க்கும் நட்சத்திரம் கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு போல ஆடும். மண் தரை மேல். உழுத மண்ணில் டாப்சோனியனின் மூன்று கால்களும் புதையும் என்பதால் 2 அடிக்கு 2 அடி ப்ளைவுட் பலகை ஒன்று அடியில் போட வேண்டும். மூன்றாவது தொடுவானம். மேற்கே திருப்பத்தூர், வாணியம்பாடி வெளிச்சம். வடகிழக்கே வேலூர். இவை போனால் போகட்டும். தெற்கே செங்கம், தென்கிழக்கே திருவண்ணாமலை வெளிச்சம்தான் வலிக்கும், ஏனென்றால் வந்ததே அந்தப் பக்கம் பார்க்க. தென்வானத்து நட்சத்திரமான ஈட்டா கரீனே இங்கே அதிகபட்சம் 18 டிகிரிக்குள்தான் ஏறும்; தென்சிலுவையின் அடி நட்சத்திரம் 14 டிகிரி. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் 10 டிகிரி. தெற்கே மரவரிசை ஒரு முஷ்டியைத் தாண்டினால் அந்த இடத்தை விட்டுவிடலாம். அரை முஷ்டி உயரத்துக்கு ஒரு மலைமுகடு இருந்தால் பாக்கியம். ஊர் வெளிச்சத்தை அது மறைக்கும், நட்சத்திரங்களை மறைக்காது.

மாலை 4 மணிக்குக் குழாயின் மூடிகளைத் திறந்து, நிழலில் நிறுத்திவிட வேண்டும். 8 அங்குலக் கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு இறங்கச் சுமார் ஒரு மணி நேரம், 10 அங்குலம் இன்னும் கூட. கண்ணாடிக்குப் பின்னால் 12 வோல்ட், 80 மி.மீ. கணினி விசிறி ஒன்றை ரப்பர் பட்டையால் தொங்கவிட்டால் நேரம் பாதியாகும். திருகு போட்டு இறுக்கினால் அதிர்வு படத்தில் தெரியும்.

மலைப்பாதை குலுக்கலில் கண்ணாடி ஒழுங்கு கலையாமல் வந்துசேர்ந்த நியூட்டோனியன் (டாப்சோனியனும் இதே வகை) அபூர்வம். கொலிமேஷன், அதாவது கண்ணாடிகளை ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவரும் வேலை, செய்யும்போது குழாய் தரைக்குக் கிடையாக இருக்க வேண்டும், ஆலன் சாவிக்கு ஒரு நூல் கட்டி அதை மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும். குழாயை நிமிர்த்தி வைத்துக்கொண்டு சிறு கண்ணாடியின் திருகைத் தொடுபவர், நழுவும் சாவியைப் பெரிய கண்ணாடியின் மேல் போடத் தயாராகிறார் என்று அர்த்தம்.

வரிசை இதுதான். முதலில் ஒழுங்குபார்க்கும் லேசரையே சோதிக்க வேண்டும். ஃபோகசரில் (ஐபீஸ் என்னும் கண்வில்லையைச் செருகும் குழாய்) செருகி மெல்லச் சுழற்றினால், பெரிய கண்ணாடியில் விழும் சிவப்புப் புள்ளி நின்ற இடத்தில் நிற்க வேண்டும். வட்டம் போட்டால் லேசரே கோணல், அதை வைத்துச் சரிசெய்வது எல்லாம் வீண். மலிவான லேசர்களில் பாதிக்கு இந்த நோய் உண்டு என்றே வைத்துக்கொள்ளலாம். நடுவில் துளையிட்ட பழைய செஷயர் குழாய்க்கு இந்தத் தொல்லை கிடையாது. அடுத்து சிறு கண்ணாடியின் மூன்று திருகுகள். ஒன்றைத் தளர்த்தாமல் இன்னொன்றை இறுக்கக் கூடாது. புள்ளி பெரிய கண்ணாடியின் நடுவிலுள்ள வளையத்துக்குள் விழ வேண்டும். பிறகு குழாயின் அடிப்பக்கம் வந்து, பூட்டுத் திருகுகள் மூன்றையும் முதலில் தளர்த்தி, ஸ்பிரிங் திருகுகளைத் திருப்பி, திரும்பி வரும் ஒளியை லேசரின் வாய்க்குள்ளேயே விழ வைக்க வேண்டும். கடைசியில் பூட்டுத் திருகை இறுக்கும்போது எல்லாம் மறுபடி நகரும். ஆகவே விரல் இறுக்கம் போதும். இறுதித் தீர்ப்பு நட்சத்திரத்திடம்: 120 மடங்கில் ப்ரோசியானை ஃபோகஸிலிருந்து லேசாக விலக்கினால் வளையங்கள் ஒரே மையத்தோடு இருக்க வேண்டும்.

ஃபைண்டரை, அதாவது குறிபார்க்கும் சிறு குழாயை, வெளிச்சம் இருக்கும்போதே தூரத்து செல்போன் கோபுர உச்சியை வைத்துச் சரிசெய்யலாம். கோபுரம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். சூரியன் வானத்தில் இருக்கும்வரை அந்தத் திசைக்கு எந்தக் குழாயும் திரும்பக் கூடாது. வேலை முடிந்ததும் ஃபைண்டரின் மூடியும் ஏற வேண்டும். சிவப்புப் புள்ளி ஃபைண்டர் வைத்திருப்பவர்கள் ஒரு சிஆர்2032 செல் கூடுதலாக எடுத்துவர வேண்டும். போன முறை அணைக்க மறந்தது இந்த முறைதான் தெரியவரும்.

ஈக்வடோரியல் மவுண்ட் (துருவத்தை நோக்கிய அச்சைச் சுற்றி வானின் நகர்வைத் தொடரும் தாங்கி) கொண்டுவந்தவர்களின் பாடு தனி. துருவ அச்சு 12.5 டிகிரிக்குப் படுக்க வேண்டும். பல மவுண்டுகளில் உயரத் திருகு அந்த எல்லைக்கு வரும்போதே கடைசிப் புரியில் நிற்கிறது. அச்சு படுத்துவிட்டால் எதிரெடைத் தண்டு கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கீழே தொங்கி, வடக்கே வைத்த முக்காலியின் கால்மேல் மோதும். ‘ஒரு கால் வடக்கே’ என்பது கையேட்டு விதி. இங்கே அதைத் திருப்பிப் போட்டு, ஒரு காலைத் தெற்கே வைத்து, மற்ற இரண்டுக்கும் நடுவில் தண்டை ஊசலாட விடலாம். சில மவுண்டுகளில் இதற்கு திசைமுளையையும் (திசை திருத்தும் திருகுகள் பற்றும் முளை) இடம் மாற்ற வேண்டியிருக்கும். அல்லது முக்காலிக்கும் தலைக்கும் இடையில் ஓர் உயரக் குழாய். அல்லது கனமான எடை ஒன்றைத் தண்டின் மேல்பாகத்தில் ஏற்றி, தண்டின் கீழ்ப்பகுதியில் எடை எதுவும் இல்லாமல் வைப்பது. இரவு 2 மணிக்கு மோட்டார் தண்டைக் காலில் முட்டி முனகும் சத்தம் கேட்பதைவிட, மாலையிலேயே கிழக்கிலிருந்து மேற்குவரை ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்துக்கொள்வது மேல்.

துருவ நட்சத்திரம் மரத்துக்கோ புகைமூட்டத்துக்கோ பின்னால் போனால், நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்து அச்சைத் திருத்தும் நகர்வு முறைதான் கதி. உச்சிக்கோட்டை (வடக்கிலிருந்து தெற்கே தலைக்கு மேல் போகும் கோடு) ஒட்டி, வான நடுவரைக்கு (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அது ஐபீஸில் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது. கிழக்கு வானத்தில் தாழ்வாக இன்னொரு நட்சத்திரம். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே நழுவினால் இரண்டுக்கும் எதிர். இரண்டு சுற்று, நாற்பது நிமிடம். கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு இவ்வளவு தேவையில்லை. படம் எடுப்பவருக்குத் தப்பிக்க வழியில்லை.

முதல் இரவு சோதனை இரவுதான். பத்து மணிக்குள் எது மறந்துபோயிற்று என்று தெரிந்துவிடும், நாளைப் பகலில் ஆலங்காயம் இறங்கி வாங்கி வரலாம்.

இரண்டாம் நாள், சனி

காலையில் தூக்கம். மதியம் காவலூர். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு ஆய்வகம் சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பது வழக்கம். கிளம்பும் முன் அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1960களில் வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணமே அட்சரேகை: வட வானத்தை இழக்காமல் தென் வானத்திலும் பெரும்பகுதியை எட்டலாம். 1972-இல் வந்த, கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி, 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதன் வளையங்களால் நேர்ந்த ஒளிக்குறைவைப் பதிவுசெய்த கருவிகளில் ஒன்று. 1988-இல் இங்குள்ள 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி மூலம் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு 4130 ராமானுஜன் என்று பெயர்.

அமெச்சூர்கள் கண் விரித்துப் பார்க்க வேண்டியது 1986-இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் தாங்கியை. லாட வடிவ ஈக்வடோரியல் மவுண்ட் அது. அதன் துருவ அச்சு வடக்கே 12.5 டிகிரிதான் நிமிர்ந்திருக்கிறது. ஏறக்குறையப் படுத்தே கிடக்கிறது. நேற்று மாலை கொல்லையில் முக்காலியோடு மல்லுக்கட்டிய அதே கணக்கு, டன் கணக்கில். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியதும் அந்த நிறுவனமேதான்.

மாலைக்குள் மின்சாரக் கணக்கை முடித்துவிட வேண்டும். பின்தொடரும் மவுண்ட் சுமார் 0.5 ஆம்பியர், 8 அங்குல ஷ்மிட்-காஸிகிரேனின் (வாயைக் கண்ணாடித் தட்டு மூடியிருக்கும் தொலைநோக்கி) பனிச்சூடாக்கிப் பட்டை சுமார் 1.2 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து ஒன்பது மணி நேரத்துக்கு 15 ஆம்பியர்-மணி வேண்டும். யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றி வந்த 7 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போகும். ஆக, கையில் இருப்பது 3.5, இரண்டு மணி நேரத்தில் கதை முடியும். 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடையும் குறைவு, விடியும்வரை வரும். சிகரெட் லைட்டர் வகைப் பிளக் இன்னொரு சனியன்: யாரோ வயரில் கால் வைத்தால் நொடிப்பொழுது துண்டித்து, மவுண்ட் எங்கே பார்க்கிறோம் என்பதையே மறந்துவிடும். பிளக்கைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டுவதுதான் இதற்கு மருந்து.

இருட்டுவதற்கு முன் கார்கள் எல்லாம் வெளியே போகும் திசை பார்த்து நிற்க வேண்டும். உள்விளக்கு அணைந்திருக்க வேண்டும், ரிமோட்டில் பூட்டினால் இண்டிகேட்டர் மின்னும் என்பதால் சாவியால் பூட்ட வேண்டும். டார்ச்சில் சிவப்பு செல்லோபேன் ஒரு மடிப்பு போதாது. இரண்டு, முடிந்தால் மூன்று. பச்சை லேசரைத் திசைகாட்ட மட்டும், படம் எடுப்பவரைக் கேட்டுவிட்டு, வானில் விமானம் இல்லாதபோது. முறுக்கு தின்ற விரலோடு அடுத்தவர் ஐபீஸைத் தொடுகிறவரை யாரும் திட்டுவதில்லை. அடுத்த அமாவாசைக்கு அழைப்பதும் இல்லை.

இனி வரும் நேரங்கள் மார்ச் 1-ஐ ஒட்டியவை. தேதி ஒரு நாள் தள்ளினால் எல்லாம் 4 நிமிடம் முந்தும், ஒரு வாரத்துக்கு அரைமணி. கோள்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறது. அவை ஆண்டுக்கொரு வீட்டில் இருப்பவை.

7.30: அந்தி முழுதும் அடங்கும் நேரம். மேற்கே தொடுவானத்திலிருந்து கார்த்திகையை நோக்கி எழும் மங்கலான கூம்பைப் பலர் ஊர் வெளிச்சம் என்று ஒதுக்குகிறார்கள். ஊர் வெளிச்சம் தரையோடு படர்ந்திருக்கும். கூம்பாக, ஓரளவு செங்குத்தாக ராசி மண்டலத்தின் வழியே எழுவது கோள்களுக்கிடையே மிதக்கும் தூசியில் பட்ட சூரிய ஒளி. மாசி, பங்குனி மாலைகளில் இந்த அட்சரேகையில் அது நன்றாக நிமிர்ந்து நிற்கும். அப்படியே கார்த்திகையில் நட்சத்திரம் எண்ணலாம். ஆறு தெரிந்தால் சாதாரண இரவு, ஒன்பதைத் தாண்டினால் அருமையான இரவு.

ஓரியன் அப்போது உச்சிக்கோட்டில், அதன் நெபுலாவான எம்42, 72 டிகிரி உயரத்தில். 8 அங்குலம், எஃப்/6 (குவியத்தூரம் விட்டத்தைப் போல ஆறு மடங்கு), 25 மி.மீ. ஐபீஸ் என்றால் 48 மடங்கு. இறக்கை விரித்த வடிவம் முழுதாக அடங்கும். 10 மி.மீ. போட்டு 120-க்குப் போனால் நடுவிலுள்ள நான்கு நட்சத்திரங்களைப் பார்க்கலாம். காற்று அசையாதிருந்தால் ஐந்தாவதும் ஆறாவதும். அவை தெரியவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் காற்றின்மேல் இல்லை, இன்னும் ஆறாத கண்ணாடியின்மேல்.

8 மணி சுமாருக்கு அகத்திய நட்சத்திரம் தெற்கே 25 டிகிரியில் உச்சம். ஒளிரும் நட்சத்திரம், பார்த்துவிட்டு நகரலாம்.

9.20-ஐ ஒட்டி எம்46, எம்47 நட்சத்திரக் கொத்துகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். எம்47 சிதறிய பெரிய மணிகள். எம்46 பொடி மணல், அதன் வட விளிம்பில் ஒரு சிறு புகை வட்டம்: என்ஜிசி 2438. கொத்துக்குள் இருப்பது போல் தோன்றும் இந்தக் கோள் நெபுலா (கடைசிக் காலத்தில் ஒரு நட்சத்திரம் உதறிய வாயு) அதற்குச் சொந்தமில்லை, நமக்கு முன்னால் வழியில் நிற்கிறது. நெபுலாவின் ஒளியை மட்டும் விடும் ஓ-த்ரீ ஃபில்டர் திருகினால் நட்சத்திரங்கள் மங்கி வளையம் மட்டும் எழும். நேராகப் பார்த்தால் மறைந்து கடைக்கண்ணால் பார்த்தால் வரும் பொருளுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை. கொஞ்சம் தெற்கே, 39 டிகிரி உயரத்தில் என்ஜிசி 2477 கொத்து. வட நாட்டுக் கையேடுகள் இதை விட்டுவிடுவது அநியாயம்.

பத்து மணிக்குப் பிறகு பனி. வானத்தைப் பார்த்திருக்கும் பரப்பு எதுவும் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, காற்றைவிடக் குளிர்ந்து, ஈரத்தை வாங்கும். முதலில் நனைவது ஃபைண்டர், பிறகு ஒளிவிலகு தொலைநோக்கியின் முன்வில்லை, ஷ்மிட்-காஸிகிரேனின் முன்தட்டு. டாப்சோனியனின் பெரிய கண்ணாடி குழாயின் ஆழத்தில் இருப்பதால் பிழைத்துவிடும். தடுக்க, யோகா பாயை வெட்டி ஒரு குல்லாய்: 8 அங்குல ஷ்மிட்-காஸிகிரேனுக்கு, குழாயின் சுற்றளவைவிட 5 செ.மீ. கூடுதல் அகலம், 30 செ.மீ. நீளம், வெல்க்ரோ பட்டை. விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் என்பது எல்லா அளவுக்கும் பொருந்தும். நனைந்தபின் வேட்டி நுனியால் துடைப்பது பூச்சைக் கீறும் வேலை. 12 வோல்ட் ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் விலகும். கால் மணியில் திரும்ப வரும். ஐபீஸ்களைச் சட்டைப் பையில் வைத்திருப்பது நல்ல பழக்கம். திறந்த பெட்டியில் வரிசையாக அடுக்கி வைப்பது பார்க்க மட்டும் அழகு.

11.30: கன்னி ராசியின் விண்மீன் மண்டலங்கள் (கேலக்ஸிகள்). இங்கேதான் கையேட்டை மூடி வைக்க வேண்டும். ‘உச்சத்தில் இருக்கும்போது பார்’ என்று அது சொல்லும். எம்84, எம்86, எம்87 மூன்றும் வான நடுவரையிலிருந்து வடக்கே விலகியிருப்பது 12 முதல் 13 டிகிரி, அதாவது நம் அட்சரேகையே. 2 மணிக்கு அவை நேர் தலைக்கு மேல். டாப்சோனியன் அங்கே முட்டாளாகிவிடும்: குழாய் நிமிர்ந்து நிற்க, பொருள் கொஞ்சம் நகர்ந்தாலும் அடித்தட்டைக் கால்வட்டம் சுற்ற வேண்டும், பிடிக்கத் தள்ளுமுனையும் இருக்காது. எனவே 12 மணிக்குள், கிழக்கே 60 டிகிரியில் இருக்கும்போதே, சங்கிலி போல வரிசையாக நிற்கும் இந்த மண்டலங்களை முடித்துவிட வேண்டும். 48 மடங்கில் எம்84, எம்86 இரண்டும் ஒரே காட்சியில். அங்கிருந்து கிழக்கே மெல்லத் தள்ளினால் மங்கிய புகைப்புள்ளிகள் ஒவ்வொன்றாக உள்ளே வரும். வரைபடத்தில் ஒவ்வொன்றையும் டிக் அடித்துப் போகாவிட்டால் ஐந்தாவதோடு வழி தவறும்.

12.25: ஈட்டா கரீனே உச்சிக்கோட்டில். உயரம் 18 டிகிரிக்குள் என்பதால் நிற்க இடம் கொடுக்காது, முக்காலி ஸ்டூல் வேண்டும். 1843-இல் சிரியசுக்கு அடுத்த ஒளியோடு எரிந்த நட்சத்திரம் இது. நெபுலாவுக்கான இன்னொரு ஃபில்டரான யு.எச்.சி.யோடு 48 மடங்கில் நெபுலாவைக் கீறிச் செல்லும் கரும்பாதைகள் தெளிவு. நடுவில் ஆரஞ்சு நிறப் புள்ளி. கிழக்கே 3 டிகிரி நகர்ந்தால் என்ஜிசி 3532, 1990 மே மாதம் ஹபிள் தொலைநோக்கி முதன்முதலில் படமெடுத்த கொத்து. இதற்கு ஃபில்டரைக் கழற்ற வேண்டும். மறந்தால் மந்தமாக இருக்கிறது என்று குறை சொல்லிவிட்டுப் போவார்கள்.

3.05: இந்த இரவின் பொருள். சித்திரை நட்சத்திரம் உச்சிக்கோட்டில் 66 டிகிரியில் நிற்கும். அங்கிருந்து நேர் கீழே, தெற்கு நோக்கி மூன்றரை முஷ்டிக்குக் கொஞ்சம் மேல், 36 டிகிரி இறங்கினால் ஒமேகா சென்டாரி. இரண்டும் வானில் ஏறக்குறைய ஒரே நெடுக்கோட்டில் இருப்பதால் இந்த வழி தவறவே தவறாது. கண்ணுக்கு மங்கிய நட்சத்திரம். 48 மடங்கில் கருப்புத் துணியில் வறுத்த ரவையைக் கொட்டியது போல, விளிம்புவரை தனித்தனி மணிகள். 10 அங்குலத்தில் நடுப்பகுதியே மணிகளாக உடைகிறது. அதே கோட்டில் நாலரை டிகிரி மேலே சென்டாரஸ் ஏ விண்மீன் மண்டலம்: சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஓர் உருண்டைப் புகை, நடுவே கத்தியால் கோடு போட்டது போல ஒரு கருப்பட்டை. பட்டை தெரியாதவர் முகத்தின் மேல் கருப்புத் துணி போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் ஐபீஸில் காத்திருக்கட்டும். பக்கத்து ஆளின் சிவப்பு விளக்குக்கூட இந்தப் பொருளுக்கு அதிகம்.

4.30-க்குத் தென்கிழக்கில் தனுசுவும் பால்வெளியின் மையமும் 30 டிகிரிக்கு ஏறியிருக்கும். எம்8 நெபுலா, குழாயை அந்தப் பக்கம் தள்ளினாலே போதும், தானாக வந்து விழும். 5.20-க்கு வானம் வெளுக்கத் தொடங்கும்.

மூன்றாம் நாள், ஞாயிறு

படம் எடுத்தவர்களுக்கு இன்னும் வேலை பாக்கி. கேமராவைக் கழற்றுவதற்கு முன், ஃபோகஸைத் தொடாமல், குழாயின் வாயில் வெள்ளைப் பனியன் துணியைச் சுருக்கமில்லாமல் கட்டி, வெளுத்த வானத்தை நோக்கி 20, 25 சமன்படங்கள் (தூசி நிழல்களைப் பிறகு கழிக்க உதவுபவை). கேமரா ஒருமுறை சுழன்றுவிட்டால் தூசி நிழல்கள் இடம் மாறி இந்தப் படங்களால் பயனில்லை. மூடியைப் போட்டு அதே வெப்பநிலையில் இருள்படங்கள் (கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க உதவுபவை) எடுக்க விடியற்காலைக் குளிர்தான் நேரம். வெயில் ஏறிய பிறகு எடுத்தவை பொருந்தாது.

நனைந்த குழாயை மூடிவைப்பதுதான் ஊர் திரும்புகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. நம் ஈரப்பதத்தில் ஒட்டடை போல் பூஞ்சை படர இரண்டு வாரம் போதும். வில்லைப் பூச்சுக்குள் இறங்கிவிட்டால் எடுக்க முடியாது. வெயில் வரும்வரை குழாயைத் திறந்தே, வாய் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, நிழலில் வைக்க வேண்டும். ஃபைண்டர், ஐபீஸ் எல்லாம் உலர்ந்த பிறகே பெட்டி. வீட்டுக்குப் போனதும் பெட்டியை மறுபடி திறந்து, விசிறிக்கடியில் இரண்டு மணி நேரம். உள்ளே போடும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அதற்கு ஈரம் வாங்கும் சக்தி தீர்ந்துவிட்டது. சமையலுக்குப் புழங்காத பழைய வாணலியில், ஜன்னலைத் திறந்து வைத்து, சிறு தீயில் நீலம் திரும்பும்வரை வறுத்து, ஆறவிட்டுப் போடலாம்.